அனுப்பிய மெயில் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஆதார், பான், சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரே மெயிலில் இணைத்து ஆடிட்டருக்கு அனுப்பினேன். அது அதே பெயருள்ள வேறொருவருக்குப் போய்விட்டது. திரும்பப் பெற முடியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: முடியாது. உங்கள் மெயில் சேவையின் சர்வர் (மெயிலைக் கையாளும் கணினி) மெயிலைப் பெறுபவருடைய சேவையின் சர்வரிடம் கொடுக்கும்போது, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அது '250' என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். அந்த நொடியிலிருந்து அந்த நகல் அவர்களுடையது. மெயில் போக்குவரத்துக்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் கட்டளை அதில் இல்லை. இன்றுவரை சேர்க்கப்படவும் இல்லை. உங்கள் 'சென்ட்' பெட்டியில் அழித்தால் உங்கள் நகல் மட்டும்தான் போகும்.

உடனே செய்ய வேண்டியவை: அந்த நபருக்குச் சுருக்கமாக, மரியாதையாக ஒரு மெயில் எழுதுங்கள். குப்பைப் பெட்டியிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். ஜிமெயிலில் அழித்த மெயில் அங்கே 30 நாள் இருக்கும். பழைய மெயிலுக்கே 'ரிப்ளை' போடாமல் புதிதாக எழுதுங்கள். ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

"இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே" என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்த பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்து பெரிய ஆங்கில எழுத்திலும், அதையொட்டிப் பிறந்த ஆண்டும். பான் அட்டையில் பெயரும் பிறந்த தேதியும் அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் ஒரே மெயிலில் அனுப்பினால், பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்ததாகிறது. ஆதார் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று முதலில் கேளுங்கள். மற்ற ஆவணங்களை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, பி.டி.எஃப். ஆக மாற்றும்போது 'செக்யூரிட்டி' பகுதியில் நீங்களே ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். அதை மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது கூகுள் டிரைவ் இணைப்பு. பகிரும்போது 'ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்து, ஆடிட்டரின் முகவரியை மட்டும் சேருங்கள். முகவரி தவறிப்போனாலும், தவறாகப் பெற்றவர் திறந்து இறக்கிக்கொள்ளும் முன் அனுமதியை ரத்து செய்துவிடலாம். 'எனிஒன் வித் தி லிங்க்' என்று வைத்தால் இந்தப் பலன் போய்விடும். இணைப்பு யாரிடம் சேர்ந்தாலும் திறக்கும்.

இனி தவறாமல் இருக்க இரண்டு மாற்றங்கள், இரண்டும் கம்ப்யூட்டரில். ஜிமெயிலில் பல்சக்கரப் படத்தை அழுத்தி 'சீ ஆல் செட்டிங்ஸ்', பிறகு 'ஜெனரல்'. அங்கே 'அன்டூ செண்ட்' வழக்கமாக 5 நொடியில் இருக்கும், 30 ஆக்குங்கள். இது மெயிலைத் திரும்பப் பெறுவதல்ல, அத்தனை நொடி அனுப்பாமல் பிடித்து வைப்பது. அதே பக்கத்தில் 'கிரியேட் கான்டாக்ட்ஸ் ஃபார் ஆட்டோ-கம்ப்ளீட்' என்பதில் 'ஐ வில் ஆட் கான்டாக்ட்ஸ் மைசெல்ஃப்' என்று மாற்றுங்கள். எப்போதோ ஒருமுறை எழுதிய முகவரியெல்லாம் இரண்டு எழுத்து தட்டியதும் வந்து நிற்பதுதான் இந்த விபத்துக்குப் பெரும்பாலும் காரணம். அடியில் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்த மறந்தால் எதுவும் மாறாது.

கேள்வி: ஜிமெயிலின் 'கான்ஃபிடென்ஷியல் மோட்' போட்டால் மற்றவர்களுக்கு ஃபார்வர்டு செய்ய முடியாதாமே?
- வாசகர், மதுரை

பதில்: பொத்தான்கள் இருக்காது, உண்மைதான். ஃபார்வர்டு, காப்பி, பிரிண்ட், டவுன்லோடு நான்கும் முடக்கப்படும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டையோ, இன்னொரு போனில் படம் எடுப்பதையோ தடுக்க முடியாது. எதிரில் இருப்பவர் நாணயமானவர், கைதவறி ஃபார்வர்டு ஆகிவிடக் கூடாது என்றால் இது நல்ல ஏற்பாடு. அவரையே நம்ப முடியாது என்றால் அனுப்பாதீர்கள்.

எழுதும் பெட்டியின் அடியில் பூட்டும் கடிகாரமும் சேர்ந்த படம் இருக்கும். அதில் 1 நாள், 1 வாரம், 1 மாதம், 3 மாதம், 5 ஆண்டு என்று காலக்கெடு வைக்கலாம். எஸ்.எம்.எஸ். பாஸ்கோடு கேட்டால் பெறுபவரின் போன் எண்ணைத்தான் தர வேண்டும். பலர் பழக்கத்தில் தங்கள் எண்ணைத் தந்துவிடுகிறார்கள். கெடுவுக்கு முன்பே நிறுத்த, 'சென்ட்' பெட்டியில் அந்த மெயிலைத் திறந்து 'ரிமூவ் ஆக்சஸ்' அழுத்துங்கள்.

காலக்கெடு முடிந்தாலும் உங்கள் 'சென்ட்' பெட்டியில் நகல் அப்படியே இருக்கும். இது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத இரு முனைக் குறியாக்கமும் அல்ல. உள்ளடக்கம் கூகுள் சர்வரில்தான் இருக்கிறது. ரகசியத்தைத் தலைப்பு வரியில் எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: அலுவலக அவுட்லுக்கில் 'ரீகால்' இருக்கிறதே?
- வாசகி, சென்னை

பதில்: ஒரே நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குள் மட்டும் வேலை செய்யும். வெளியே ஜிமெயிலுக்குப் போனதை அது தொடாது. மாறாக, 'இவர் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று இன்னொரு மெயில் போய்ச் சேரலாம். கவனிக்காதவரும் முதல் மெயிலைத் தேடிப் படிப்பார். இன்னொன்று: அலுவலகக் கணக்கில் நீங்கள் அழித்ததை நிர்வாகம் சேமித்து வைத்திருக்க முடியும். குடும்ப விஷயம், வேறு வேலைக்கான விண்ணப்பம் எதையும் அதில் எழுத வேண்டாம்.

கேள்வி: என் மெயிலைப் படித்தாரா என்று தெரிந்துகொள்ளும் சேவைகளை நம்பலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பெரிதாக நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை மெயிலில் ஒட்டி, அது திறக்கப்படுவதை எண்ணுகிறார்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதியை இயக்கியவர்களுக்கு, அவர்கள் படிக்காவிட்டாலும் படம் தானே இறங்கிவிடும். பெறுபவர் படங்களை நிறுத்தி வைத்திருந்தால், படித்தாலும் தெரியாது. உங்களை யாரும் இப்படிக் கண்காணிக்கக் கூடாது என்றால், ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஆஸ்க் பிஃபோர் டிஸ்பிளேயிங் எக்ஸ்டர்னல் இமேஜஸ்' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் சுற்றறிக்கையில் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிகிறது. தவிர்ப்பது எப்படி?
- வாசகர், கோவை

பதில்: 'டு' கட்டத்தில் சங்கத்தின் முகவரி, உறுப்பினர்கள் எல்லோரும், முகவரி மற்றவர்களுக்குத் தெரியாத 'பி.சி.சி.' கட்டத்தில். பழைய மெயிலுக்குப் பதில் எழுதும் வழியில் சுற்றறிக்கை அனுப்பினால், அடியில் மூன்று புள்ளிக்குள் பழைய உரையாடல் முழுவதும் மறைந்திருக்கும். அதுவும் சேர்ந்தே போகும். மூன்று புள்ளியை அழுத்தி விரித்து, வேண்டாததை அழித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.