செல்லின் உள்சட்டகம் (சைட்டோஸ்கெலிட்டன்) நிலையானதா, மாறிக்கொண்டே இருப்பதா?

மாறிக்கொண்டேதான் இருக்கிறது, அதன் பயனே அதில்தான் இருக்கிறது.

மூன்று வகை இழைகள் உண்டு. ஆக்டின் என்ற புரதத்தாலான நுண்ணிழை சுமார் 7 நானோமீட்டர் தடிமன். செல் சவ்வுக்கு அடியில் பின்னிக் கிடந்து, செல் ஊர்ந்து நகரவும், பிரியும்போது நடுவில் இறுகவும் உதவும். இடைநிலை இழை சுமார் 10 நானோமீட்டர். இழுவிசையைத் தாங்குவது இதன் வேலை. தோலில் இவ்வகை இழையை உருவாக்கும் கெரட்டின் 5 அல்லது 14 என்ற புரதம் பழுதானால், லேசாக உரசினாலே கொப்புளம் வரும்.

என் பார்வையில் மிகச் சுவாரசியமானது நுண்குழல். விட்டம் 25 நானோமீட்டர். பெரும்பாலும் டியூபுலின் என்ற புரதத்தின் 13 சரங்கள் சேர்ந்த குழல். நுனியில் குவானோசின் ட்ரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறை ஏந்திய டியூபுலின் தொப்பியாக இருக்கும்வரை அது வளரும். சேர்ந்த சற்று நேரத்தில் அந்த ட்ரைபாஸ்பேட் ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட்டாகிவிடும். புது டியூபுலின் வந்து சேர்வதை இந்த மாற்றம் முந்திவிட்டால் தொப்பி கரைந்து, குழல் மளமளவெனச் சிதையும். செல் பிரியும்போது குரோமோசோம்களைத் தேடிப் பிடிக்க இப்படி நீண்டு சுருங்கும் குழல்கள்தான் வேண்டும். அதனால்தான் குழலைச் சேரவிடாத கால்கிசின் என்ற மருந்தும், சிதையவிடாத பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தும் எதிரெதிராக வேலை செய்தாலும், இரண்டுமே செல் பிரிவைக் குலைக்கின்றன.

நரம்பு செல்லின் நீண்ட வால் போன்ற ஆக்சானில் கைனசின் புரதம் அடிக்கு 8 நானோமீட்டராக நடந்து சரக்கு சுமப்பதும் இந்தக் குழல்கள்மேல்தான். பாக்லிடாக்செல் சிகிச்சையில் சிலருக்குக் கை, கால் மரத்துப்போவதற்கு இந்தப் போக்குவரத்து தடைபடுவதும் ஒரு காரணம்.