மந்தாரைப் பேரினம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: என் மந்தாரை இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. அது பௌஹினியா பர்பூரியாவா, பௌஹினியா வேரிகேட்டாவா?

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம், இரண்டிலும் வெளிறிய இளஞ்சிவப்புப் பூக்களும் உண்டு, ஊதா சாயல் கொண்டவையும் உண்டு. ஒரு பூவை எடுத்து, மகரந்தப்பை முழுமையாக வளர்ந்த மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். பெரும்பாலும் 3 இருந்தால் பர்பூரியா, 5 இருந்தால் வேரிகேட்டா. முன்னதன் இதழ்கள் ஒடுங்கி விலகி நிற்கும். பின்னதன் அகன்ற இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பர்பூரியா இலைகளோடு இருக்கும்போதே பூப்பதும், வேரிகேட்டா பெரும்பாலும் இலையுதிர்த்த கிளைகளில் பூப்பதும் கூடுதல் சான்றுகள்.

கேள்வி: மந்தாரைப் பேரினத்தின் அறிவியல் பெயரான பௌஹினியா எதைக் குறிக்கிறது?

பதில்: யோகான், காஸ்பர் பௌஹின் என்ற சுவிட்சர்லாந்துச் சகோதரர்களை. இருவரும் தாவரவியலாளர்கள். அடியில் இணைந்து நுனியில் இரண்டாகப் பிரியும் இலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது.

கேள்வி: ஹாங்காங் மந்தாரை என்று வாங்கிய மரம் ஆறு ஆண்டுகளாகப் பூத்துக் குலுங்கியும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. உரக்குறைவா?

பதில்: இல்லை, காய்க்காமல் இருப்பதே அதன் இயல்பு. பௌஹினியா பிளேக்கியானா எனப்படும் அம்மரம், நீங்கள் மேலே கண்ட பர்பூரியாவும் வேரிகேட்டாவும் கலந்து பிறந்த மலட்டுக் கலப்பினம். 1880-ஐ ஒட்டி ஹாங்காங் தீவின் கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இதைக் கண்டெடுத்தார் என்பது வரலாறு. 1908-இல் தாவரவியலாளர் ஸ்டீபன் டன் இதனை விவரித்து, அங்கு ஆளுநராக இருந்த ஹென்றி பிளேக்கின் பெயரைச் சூட்டினார். 1965-இல் அந்நகரின் மலராக ஏற்கப்பட்டு, 1997 முதல் ஹாங்காங் கொடியிலும் இடம்பெற்றிருக்கிறது. விதையே இல்லாததால், ஒட்டு, விண்பதியம் (கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விடச் செய்தல்), தண்டுத் துண்டு ஆகிய வழிகளில் மட்டுமே இது பெருகுகிறது; ஆகவே உலகெங்கும் உள்ள மரங்கள் ஒரே மரத்தின் நகல்கள் என்றே கொள்ளலாம். நகல்களுக்குள் வேறுபாடு குறைவு என்பதால், ஒன்றைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் எளிதில் தாக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விதையாக ஒருவர் இதை விற்க முன்வந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்றே, மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்குமா?

பதில்: பலரும் இவ்வாறே எண்ணி ஏமாறுகிறார்கள். அவரை, பயறு ஆகியவற்றின் வேர்களில் முடிச்சுகள் அமைத்துத் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் நுண்ணுயிர்கள் மந்தாரையின் வேர்களில் முடிச்சு அமைப்பதில்லை. எனவே மண் வளத்துக்காக இதை நடுவதில் பயனில்லை. உதிர்ந்த இலைகளை மூடாக்காக இடலாம், அவ்வளவே.

கேள்வி: நண்பகலில் மரத்திலிருந்து ‘படார்’ என்ற ஒலி கேட்கிறது. அது என்ன?

பதில்: நெற்று வெடிக்கும் ஒலி. நன்கு காய்ந்த நெற்றின் இரு பாதிகளும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு பிரியும்போது, உள்ளிருக்கும் விதைகள் தொலைவில் வீசப்படுகின்றன. விதை வேண்டுமெனில், நெற்று பழுப்பாக மாறத் தொடங்கியதும் பறித்துத் துணிப்பையில் கட்டி உலர்த்துங்கள்.