வாசகர் கேள்வி – பதில்: 'எம்' என்ற ஓர் எழுத்து

கேள்வி: பழைய மாமல்லபுரம் சாலையில் அலுவலகம் போய்வரும்போது, பக்கவாட்டில் மூன்று வண்ணக் கோடுகளும் 'எம்' என்ற எழுத்தும் பதித்த பிஎம்டபிள்யூ கார்களை அடிக்கடி பார்க்கிறேன். அவை எல்லாமே அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற 'எம்' பிரிவின் கார்கள்தானா? பழைய கார் ஒன்றை வாங்குவதற்காக என் மைத்துனர் விசாரித்து வருகிறார். விற்பவர் அதை 'எம் கார்' என்று சொல்லித்தான் விலை பேசுகிறார். – வேளச்சேரி வாசகர்

பதில்: இல்லை. உங்கள் மைத்துனர் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பக்கவாட்டில் சிறிய 'எம்' எழுத்தைத் தாங்கிவரும் கார்களில் பெரும்பாலானவை 'எம் ஸ்போர்ட்' என்ற அலங்காரத் தொகுப்புடன் விற்கப்பட்ட சாதாரண மாடல்களே. பம்பர், ஸ்டியரிங் சக்கரம், இருக்கை, சிலவற்றில் சற்று இறுக்கமான சஸ்பென்ஷன் ஆகியவை மாறியிருக்கும். எஞ்சின் இரண்டு லிட்டர் டீசலாகக்கூட இருக்கலாம். அதற்கு அடுத்த படியில் எம்340ஐ போன்றவை நிற்கின்றன. வழக்கமான வரிசையின் எஞ்சினையே கூடுதல் திறனுக்குச் செப்பனிட்டு, அதற்கேற்ற பிரேக்கும் சஸ்பென்ஷனும் கொடுத்திருப்பார்கள். எம்2, எம்3, எம்4, எம்5 என்று எழுத்தை அடுத்து ஒற்றை எண்ணை மட்டும் தாங்கி நிற்பவை, மூனிக் நகருக்கு அருகே கார்ஷிங்கில் இயங்கும் எம் பிரிவு தானே வடிவமைத்துத் தரும் கார்கள்.

எம்340ஐ, எம்3 இரண்டிலும் இருப்பது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) பொருத்திய எஞ்சின்தான் என்பதால் இரண்டும் ஒன்றே என்று விற்பவர் வாதிடக்கூடும். ஆனால் முதலாவதில் உள்ள பி58 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 94.6 மில்லிமீட்டர். எம்3-இல் உள்ள எஸ்58 எஞ்சினிலோ விட்டம் 84 மில்லிமீட்டர், பயணத் தூரம் 90 மில்லிமீட்டர். கன அளவு ஏறத்தாழ ஒன்றேயானாலும், பயணத் தூரம் குறைந்திருப்பதால் அதே சுழற்சியில் பிஸ்டனின் வேகம் குறைகிறது. நிமிடத்துக்கு 7,200 சுழற்சி வரை எஞ்சினை அச்சமின்றி ஏற்ற முடிகிறது. ஒரு டர்போவுக்குப் பதிலாக இரண்டு டர்போக்கள், கூடுதல் குளிரூட்டிகள் என்று வேறுபாடுகள் தொடர்கின்றன. பானெட்டின் மேல் எழுத்தை ஒட்டுவதால் இவற்றில் எதுவும் வந்துவிடாது.

ஆகவே ஆர்.சி.யில் உள்ள மாடல் பெயர், எரிபொருள், கன அளவு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஜெர்மன் ஆலைகளில் உருவான உண்மையான எம் கார்களின் சேஸிஸ் எண் 'டபிள்யூ பி எஸ்' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். அங்கே உருவான சாதாரண கார்களில் மூன்றாவது எழுத்து பெரும்பாலும் 'ஏ' ஆக இருக்கும்.

கேள்வி: இந்தப் பிரிவு எப்போது தொடங்கியது? மூன்று வண்ணங்களுக்குப் பொருள் உண்டா? – குரோம்பேட்டை மாணவர்

பதில்: 1972-இல், 35 பணியாளர்களுடன், 'பிஎம்டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட்' என்ற பெயரில் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனத்தின் பந்தயப் பிரிவிலிருந்து வந்த யோகன் நேர்பாஷ் அதன் தலைவரானார். மறு ஆண்டே அவர்களுடைய 3.0 சிஎஸ்எல் கார் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை வென்றது. பொதுமக்கள் வாங்கக்கூடிய முதல் எம் கார், 1978-இல் வந்த எம்1. 'எம் ஜிஎம்பிஹெச்' என்ற இன்றைய பெயர் 1993-இல் அமைந்தது. நீலம் நிறுவனத்தையும், சிவப்பு மோட்டார் பந்தயத்தையும், நடுவில் முதலில் இருந்த ஊதா இரண்டின் இணைப்பையும் குறிப்பதாக நிறுவனம் விளக்குகிறது.

கேள்வி: அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பெயர்பெற்ற நிறுவனம், முதல் எம்3 காருக்கு நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கொடுத்தது ஏன்? செலவைக் குறைக்கவா? – அம்பத்தூர் வாசகர்

பதில்: செலவு காரணமல்ல. நீளமான தண்டு வேகமாகச் சுழலும்போது அதிர்வதை உங்கள் லேத்திலேயே பார்த்திருப்பீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது. ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) நீளமானது. பந்தயத்துக்குத் தேவையான உச்சச் சுழற்சியில் அது முறுக்கி அதிரத் தொடங்கும். குட்டையான நான்கு சிலிண்டர் தண்டு விறைப்பாக நிற்கும், முன்பாரமும் குறையும்.

நிறுவனத் தலைவர் எபர்ஹார்ட் ஃபான் குயென்ஹைம் இந்தக் காருக்கு ஓர் எஞ்சின் கேட்டதும், எஞ்சின் மேதை பவுல் ரோஷே செய்த காரியம் எந்தப் பட்டறைக்காரருக்கும் உடனே புரியும். எம்1 காரில் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) எடுத்து, இரண்டு எரியறைகள் அளவுக்கு அறுத்து நீக்கி, திறந்த முனையைத் தகடு வைத்து மூடி, பழகிய நான்கு சிலிண்டர் பிளாக்கின்மேல் (சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதி) பொருத்தினார். இரண்டே வாரங்களில் முதல் எஞ்சின் ஓடத் தயாராகிவிட்டது. அந்த வார்ப்பிரும்பு பிளாக்கும் சாதாரணமானதல்ல: 1960-களின் குடும்பக் கார்களுக்காகப் பிறந்த அதே பிளாக்கின்மீதுதான், 1983-இல் நெல்சன் பிகே ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற 1.5 லிட்டர் டர்போ எஞ்சினும் உருவாக்கப்பட்டிருந்தது. சாதாரண வார்ப்பு ஒன்றை இத்தனை தூரம் கொண்டுபோன அந்தக் கைத்திறனை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

1986-இல் வந்த அந்த எம்3, 2.3 லிட்டரில் 200 குதிரைத்திறன் தந்தது. விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட 'குரூப் ஏ' பந்தயத்தில் ஓட வேண்டுமானால் ஓர் ஆண்டுக்குள் 5,000 கார்கள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியால்தான் அது சாலைக்கே வந்தது. ஓரங்கள் புடைத்த மட்கார்டுகள், காற்றின் ஓட்டத்துக்காகச் சாய்வு மாற்றிய பின் கண்ணாடி, உயர்த்திய டிக்கி மூடி என எல்லாமே பந்தயத்துக்காகச் செய்த மாற்றங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் எம் கார்கள் தயாராகின்றனவா? அப்படிப்பட்ட காரைச் சென்னையில் எங்கே முழுமையாக ஓட்ட முடியும்? – சிங்கப்பெருமாள் கோயில் வாசகர்

பதில்: 2007-இல் திறக்கப்பட்ட அந்த ஆலையில், 2021 முதல் எம்340ஐ பாகங்கள் பொருத்தப்பட்டு வெளிவருகிறது. எம்2, எம்4, எம்5 போன்றவை முழு வடிவில் இறக்குமதியாகின்றன. அதனால்தான் விலையில் அத்தனை பெரிய இடைவெளி.

ஓட்டுவதற்கு ஒரே சரியான இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். கிழக்குக் கடற்கரைச் சாலை பள்ளிப் பிள்ளைகளும் மீனவர்களும் கடந்து செல்லும் பாதை. அங்கே வேகத்தைச் சோதிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தடத்திலும் கவனம் வேண்டும். சென்னை வெயிலில் சில சுற்றுகள் ஓட்டித் திரும்பிய காரின் சக்கரத்தருகே குனிந்தால், கருகிய பிரேக் பேடின் காரமான நெடி மூக்கில் ஏறும், அனல் முகத்தில் அடிக்கும். பழைய பிரேக் திரவம் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழியிட்டால் மிதி தளர்ந்து உள்ளே போய்விடும். எனவே தடத்துக்குப் போகுமுன் திரவத்தை மாற்றிவிடுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள். நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.