கோதுமை இல்லாத கேக்: அலமாரியில் எதை வைக்கலாம், எதை ஒதுக்கலாம்?

கேள்வி: என் 9 வயது மகளுக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்) என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார். சோறு, இட்லி, தோசை என்று சமாளித்துவிடுகிறேன். ஆனால் அவளுக்கு கேக், பிஸ்கட் என்றால் உயிர். அடுத்த மாதம் பிறந்தநாள் வருகிறது. குளூட்டன் இல்லாத மாவு பாக்கெட்டின் விலை கட்டுப்படியாகவில்லை. ஏழெட்டு வகை மாவு வாங்கி அடுக்கியும் கேக் உதிர்ந்துதான் போகிறது. என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? மாமனாருக்காக வீட்டில் தினமும் சப்பாத்தி உண்டு.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஏழெட்டு மாவு தேவையே இல்லை. இரண்டு தானிய மாவு, ஒரு ஸ்டார்ச், ஒட்டவைக்க ஒரு பொருள். இந்த நான்கும் சுத்தமாக இருந்தால் பிறந்தநாள் கேக் கட்டாயம் நன்றாக வரும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒதுக்க வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

மைதா, ரவை, சேமியா கோதுமை என்று உங்களுக்கே தெரியும். ஒளிந்திருப்பவைதான் ஆபத்து. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி. கடையில் விற்கும் சத்து மாவில் கோதுமை இருக்கலாம். ‘ராகி பிஸ்கட்’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பின்பக்கம் பொருள் பட்டியலில் முதலில் மைதா இருப்பது சகஜம். ஓட்ஸ் வேண்டுமானால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது மட்டும், அதுவும் டாக்டரைக் கேட்ட பிறகு.

அடுத்தது மாவு மில். காலையில் முதல் ஆளாகப் போனால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. முந்தைய இரவு அரைத்த கோதுமை இயந்திரத்துக்குள் தங்கியிருக்கும். இந்தியாவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு கிலோ அரிசி மாவில் கால் டீஸ்பூன் மைதா கலந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் வீட்டு மிக்ஸியே மேல். அதற்கென்று ஒரு ஜாரும் சல்லடையும் புதிதாக வாங்கிவிடுங்கள். சல்லடை வலைக் கண்ணில் ஒட்டிய மைதா எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது.

சரி, பொருட்களுக்கு வருவோம். பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்துங்கள். அதிரசத்துக்குச் செய்வது மாதிரிதான். ஈரம் லேசாக இருக்கும்போதே அரைத்துச் சலித்தால் மாவு பட்டுப் போல் இருக்கும். கேக்கில் மணல் மாதிரி நெருடாது. எடுத்து வைப்பதானால் மறுபடி நன்றாக உலர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். இரண்டாவது மாவு வெள்ளைச் சோளம். நிறமும் மணமும் அடங்கி இருக்கும். ராகி சாக்லேட் கேக்குக்குப் பொருத்தம். கம்பு எனக்கும் பிடிக்கும், ஆனால் அரைத்த சில நாட்களிலேயே கசப்பு தட்டும். வேண்டும்போது கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். தானியத்தைப் பொறுக்கிக் கழுவிய பிறகே அரைக்க வேண்டும், மூட்டையிலேயே கோதுமை மணிகள் கலந்திருக்கலாம்.

ஸ்டார்ச்சுக்கு வெளியே தேட வேண்டாம். பக்கத்துச் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவதுதான். மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்தால் போதும்.

உங்கள் கேக் உதிர்வதற்குக் காரணம் ஒட்டவைக்கும் பொருள் இல்லாததாகத்தான் இருக்கும். கோதுமையில் அந்த வேலையைக் குளூட்டன் பார்க்கிறது. கேக்குக்கு சாந்தன் கம், ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன். அதற்கு மேல் போட்டால் பசை மாதிரி ஆகிவிடும். பிரெட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல், 100 கிராம் மாவுக்கு 5 கிராம். சர்க்கரையோ மணமோ சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் விலை அதிகம்போல் தெரிந்தாலும் மாதக்கணக்கில் வரும்.

கலவை இப்படி: அரிசி மாவு 400 கிராம், வெள்ளைச் சோள மாவு (கடையில் விற்கும் கார்ன்ஃபிளவர் இல்லை) 300, ஜவ்வரிசி மாவு 300. கலந்து, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழைய கேக் குறிப்பில் ஒரு கப் மைதா என்றிருந்தால் இதில் 125 கிராம் எடைபோட்டு எடுங்கள். கப்பால் அளந்தால் மாவுக்கு மாவு எடை மாறும். ஒரு சமையலறைத் தராசு, நீங்கள் வாங்கிய அந்த ஏழெட்டு பாக்கெட்டைவிட உபயோகம்.

இந்த டப்பாக்கள் எல்லாம் அலமாரியின் மேல் தட்டில் இருக்கட்டும். மாமனாரின் கோதுமை மாவு கீழ்த் தட்டில். மேலே இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சிந்தும். சப்பாத்தி தேய்க்கும் நேரத்தில் கேக் வேலை வேண்டாம், பறக்கும் மாவு நேரம் கழித்துத்தான் படியும். பூரிக்கட்டையும் மரக்கரண்டியும் மகளுக்குத் தனி.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே சின்ன டின்னில் ஒரு தடவை செய்து பாருங்கள். கரைத்த மாவை அரை மணி நேரம் ஊறவிட்டு, பேக்கிங் பவுடரைக் கடைசியில் சேருங்கள். ஒரே பெரிய கேக்கைவிட இரண்டு சின்ன கேக் ஒழுங்காக வேகும். ஆறிய பிறகு வெட்டுங்கள், சூட்டில் எந்தக் கலவையும் உதிரும். அப்புறம், மற்ற குழந்தைகளுக்கென்று பேக்கரி கேக் தனியாக வாங்காதீர்கள். எல்லோருக்கும் இதையே வெட்டிக் கொடுத்தால் கத்தியும் தட்டும் மாறிப்போகும் பயம் இல்லை.