மருமகன் இருப்பது டெட்ராய்ட்டிலா, வாரனிலா?

ஐயா, மருமகன் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருப்பதாகச் சொல்ல, அவர் அனுப்பிய கடித உறையில் வாரன் என்றிருப்பதும், டெட்ராய்ட் காலியாகிவருவதாகப் படித்ததும் தங்களைக் கலங்க வைத்திருக்கின்றன. இரண்டும் தனித்தனி நகரங்கள். எட்டாம் மைல் சாலைதான் எல்லை. 1950-இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த டெட்ராய்ட்டில் 2020-இல் 6.39 லட்சம் பேரே எஞ்சினர் என்பது உண்மை. ஆனால் கார்த் தொழிற்சாலைகளும், அவற்றைத் தொடர்ந்து வேலையும், கறுப்பினத்தவரோடு அக்கம்பக்கமாக வாழ மனமில்லாத வெள்ளையர் பலரும் (கசப்பான செய்திதான்) அந்தச் சாலையைத் தாண்டிப் போனதே அதற்குப் பெருங்காரணம். வாரன் போன்ற புறநகர்களையும் சேர்த்தால் இன்றும் 40 லட்சம் பேருக்கு மேல். மண்டபத்துக்காரர்களாகிய நாம், நடுவே பாம்பன் பாலமே கிடந்தும், வெளியூரில் ராமேஸ்வரம் என்று சொல்லிக்கொள்வதில்லையா? மருமகன் சொன்னதும் அவ்வகையே. விசா விண்ணப்பத்தில் மட்டும் உறையிலுள்ளபடி வாரன் என்றே எழுதுங்கள்.