வளாகத்துக்குப் பக்கத்தில் வீடு: முதலில் சரிவைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் சேர்ந்திருக்கிறாள். மகனையும் பிறகு அங்கேயே சேர்க்க ஆசை. 15 லட்சம் ராண்டுக்குள் வீடு தேடுகிறோம். வளாகத்தை ஒட்டிய மலைப்பகுதியான ரெசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீடு பார்த்தோம். வளாகத்துக்கு நடந்தே போகலாம். கீழே தனியாக இரண்டு அறைகளில் மாணவர்கள் குடியிருக்கிறார்கள். அந்த வாடகையே பாண்ட் (வீட்டுக் கடன்) கட்ட உதவும் என்கிறார் ஏஜென்ட். உறவினர்களோ, "அங்கே மண் சரியும், திருட்டும் உண்டு, வெஸ்ட்வில்லில் டவுன்ஹவுஸ் வாங்கு" என்கிறார்கள். எது பாதுகாப்பு?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: ஏரியாவின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள், சகோதரி. ரெசர்வாயர் ஹில்ஸில் ஒரே தெருவின் மேல்பக்க வீடும் கீழ்ப்பக்க வீடும் ஒன்றல்ல. உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி சரி. 2022 ஏப்ரல் மழையில் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பாமியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு குடிசைகளை வெள்ளம் அடித்துப்போனது. டர்பனில் வெள்ளமும் புதிதல்ல. 1917-இல் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டக்காரர்களை மூழ்கடித்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆற்றோரத்தை விட்டு மேலே போனால் வெள்ள பயம் குறையும், சரிவு பயம் கூடும்.

மலைச்சரிவில் வீடு கட்டும்போது மேல்பக்கம் மண்ணை வெட்டி, அதைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் மட்டப்படுத்துவார்கள். வெட்டிய பக்கம் கெட்டி. கொட்டிய பக்கம் தண்ணீர் இறங்க இறங்க அமுங்கும். வீடு பாதி இதிலும் பாதி அதிலும் நின்றால், இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல் விடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலையும், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசலையும் தேடுங்கள். முடி கனத்துக்கு இருந்தால் பெரும்பாலும் பூச்சு விரிசல்தான். ஒரு நாணயத்தை விளிம்பில் நுழைக்க முடிந்தால் நின்று யோசியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் அதை மட்டும் கூடுதலாகப் பாருங்கள். எல்லாக் கதவையும் நீங்களே திறந்து மூடுங்கள். கீழ்ப்பக்க அறைகளின் கதவு மட்டும் பிடித்தால் சட்டம் கோணியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு தோட்டத்து ரிடெய்னிங் சுவர், அதாவது மண் சரியாமல் தாங்கும் சுவர். அதன் அடியில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்க வேண்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். ஓட்டையே இல்லாமலோ அடைத்துப்போயோ இருந்தால், மழைக்காலத்தில் மண்ணோடு தண்ணீரின் பாரத்தையும் சுவர் தாங்க வேண்டும். நடுவில் வயிறு தள்ளி நிற்கும் சுவர் அதைத்தான் காட்டுகிறது. கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பின்தொடர்ந்து பாருங்கள். கொட்டிய மண்ணின்மேல் அப்படியே விழுந்தால் அதுவே பாதி வியாதி. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள், நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது நல்லது. விற்பவரிடம் ஒரே கேள்வி: 2022-இல் இங்கே என்ன பழுது ஆனது, என்ஜினியர் கொடுத்த கடிதம் இருக்கிறதா?

பதிவு பெற்ற ஸ்ட்ரக்சரல் என்ஜினியர் ஒருவரை நீங்களே கூப்பிடுங்கள். ஏஜென்ட் சொல்லும் ஆள் வேண்டாம். வீட்டுக் காப்பீட்டில் மண் அமுங்குதல், சரிவு இவற்றுக்குச் சாதாரணமாக வரையறுத்த அளவுதான் கவர் இருக்கும். விரிவான கவர் கேட்டால் நிறுவனம் என்ஜினியர் அறிக்கை கேட்கும், அப்போதும் அது உதவும்.

இனி திருட்டு. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குற்ற எண்ணிக்கை வெளிவருகிறது. ரெசர்வாயர் ஹில்ஸ் சிடனம் ஸ்டேஷனின் கீழ் வருகிறது. அதே ஸ்டேஷன் கிளேர் எஸ்டேட்டையும் பார்க்கிறது. அதனால் மொத்த எண் உங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வீடு புகுந்து திருடுவது, ஆள் இருக்கும்போதே கொள்ளையடிப்பது, கார் பறிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். கார் பறிப்பு பெரும்பாலும் சொந்த வீட்டு கேட் திறக்கக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் நடக்கிறது. எனவே, கேட் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, வெளியே விளக்கு இருக்கிறதா, செங்குத்தான டிரைவ்வேயில் கார் பாதியில் நிற்குமா என்று பாருங்கள்.

"நடந்தே போகலாம்" என்பதை நடந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். வளாகத்தைச் சுற்றி வேலியும் காடுமாக இருக்கிறது. வேலிக்குப் பக்கத்து வீடு வாசலுக்குப் பக்கத்து வீடு அல்ல. மகளோடு மாலை ஆறரை மணிக்கு வாசலிலிருந்து அந்த வீடுவரை ஒருமுறை நடங்கள். புதர் ஓரமாக விளக்கில்லாத நீளம் இருந்தால் தினமும் கார்தான். அப்படியானால் பக்கத்தில் இருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு அந்த வீட்டில் அதிகம் உறுத்துவது கீழே உள்ள இரண்டு அறைதான். முனிசிபாலிட்டியில் பாஸான பிளானில் அவை இருக்கின்றனவா? இல்லையென்றால் ஒழுங்குபடுத்தவோ இடிக்கவோ ஆகும் செலவு வீடு கைக்கு வந்தபின் உங்களுடையது. காப்பீட்டிலும் தகராறு வரும். மாணவர்களுக்கு எழுதிய ஒப்பந்தம் இருந்தால் வீடு கைமாறினாலும் அது உங்களைக் கட்டும். அவர்கள் போகாவிட்டால், 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. அந்த வாடகையை வங்கி வருமானமாக எடுத்துக்கொள்ளும் என்றும் நம்பாதீர்கள்.

வாடகையைச் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். 10% கையில் கட்டி, 13,50,000 ராண்டு பாண்ட், 20 வருடம், 10.5% வட்டி என்றால் மாதம் சுமார் 13,480 ராண்டு. பிடித்தம் போகும் முன் குடும்ப வருமானம் 45,000 இருந்தால்தான் வங்கிகளுக்கு மனசு வரும். இதற்குமேல் ரேட்ஸ் (முனிசிபாலிட்டி வரி), காப்பீடு, ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் (அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவல்). 2025 ஏப்ரல் முதல் 12,10,000 வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) கிடையாது, அதற்குமேல் உள்ள 2,90,000-க்கு 3%, அதாவது 8,700 ராண்டு. வக்கீல் கட்டணம்தான் பெரிது. டிரான்ஸ்ஃபருக்கும் (வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கும்) பாண்டுக்கும் தனித்தனி வக்கீல். டிரான்ஸ்ஃபர் வக்கீலை விற்பவர் நியமிப்பார், பணம் நீங்கள் கட்டுவீர்கள். இரண்டுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

ஆஃபரில் (வாங்கும் ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போட்டால் ஐந்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். அந்தச் சலுகை 2,50,000 ராண்டுக்குள் உள்ள வீட்டுக்கு மட்டும், உங்களுக்கு இல்லை. எனவே நிபந்தனைகளைக் கையெழுத்துக்கு முன்பே எழுத வையுங்கள்: பாண்ட் கிடைக்க வேண்டும், 14 நாளில் என்ஜினியர் அறிக்கை திருப்தியாக இருக்க வேண்டும், பாஸான பிளான் கொடுக்க வேண்டும், கீழ் அறைகள் காலியாக வேண்டும், மின் சான்றிதழும் பீட்டில் சான்றிதழும் (மரத்தில் வண்டு அரிப்பு இல்லை என்பதற்கானது) விற்பவர் செலவு. 2022 பிப்ரவரி முதல், விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் அந்த வீட்டை விற்பனைக்கு எடுக்கவே கூடாது. அதைக் கேட்டு வாங்குங்கள். "உள்ளபடியே விற்பனை" என்று எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு விற்பவர்தான் பொறுப்பு.

டவுன்ஹவுஸில் சரிவுக் கவலை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தலையில் விழும், ஆனால் செலவு லெவியாக (மாதப் பராமரிப்புக் கட்டணமாக) உங்களிடமே திரும்பும். கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் பத்து வருடப் பராமரிப்புத் திட்டத்தையும் படிக்காமல் ஆஃபர் போடாதீர்கள்.

என்ஜினியர் சரி என்று சொல்லி, பிளானும் பாஸாகியிருந்தால் ரெசர்வாயர் ஹில்ஸ் வீட்டையே எடுங்கள். அந்த விலையில் தோட்டத்தோடு வீடு வெஸ்ட்வில்லில் கிடைப்பது கஷ்டம். ஒரு விஷயம்: குழாய் நின்று மறுபடி வரும்போது மேட்டு வீடுகளுக்குக் கடைசியில்தான் தண்ணீர் ஏறும், ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) தேவைப்படும். 2,500 லிட்டர் நிரம்பினால் இரண்டரை டன். ரிடெய்னிங் சுவரின் விளிம்பில் வைக்காமல், வீட்டின் மேல்பக்கம் வெட்டிய மண்ணில் வையுங்கள்.