இரணைதீவுக்குப் போய்வந்த மகளும் இசட் புள்ளியும்

அன்புள்ள ஐயா,

உயர்தரப் பரீட்சைக்கு எட்டு மாதங்களே இருக்கையில் மகள் ஒரு குழுச் செயற்றிட்டத்துக்காக நான்கு சனிக்கிழமை ரியூசனைத் தவறவிட்டாள். இப்போது மருத்துவம் வேண்டாம், சுற்றாடல் படிக்கப்போகிறேன் என்கிறாள். அதற்காக அவள் போய்வந்த இரணைதீவில், கிளிநொச்சி மாவட்டத்தின் அந்தச் சிறு தீவில், அவளுக்கு என்னதான் நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். கிளிநொச்சியில் அவளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செயற்றிட்டச் சான்றிதழ் பல்கலைக்கழக அனுமதிக்கு உதவாது. பரீட்சைப் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே சமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும்தான் அங்கே பேசும். ஆகவே விட்ட பாடங்களை அவள் படித்து முடித்தே ஆகவேண்டும். அவளிடமும் இதைச் சொன்னேன், முகத்தைச் சுளித்தாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். குழுவில் ஆறு பேர். இரணைதீவின் கண்டல் மரங்கள், கரையொதுங்கும் பிளாஸ்டிக், கட்டாக்காலி மாடுகள் என்று மூன்று தலைப்புகள், தலைப்புக்கு இருவர். இரண்டாம் வாரமே ஒருவன் நின்றுவிட்டான். இன்னொருத்தி படம் எடுத்ததோடு சரி. அறிக்கையை உங்கள் மகளும் ஒரு தோழியும் இரவிரவாக இருந்து எழுதியிருக்கிறார்கள். ஆறு பெயரும் ஒரே அளவில் அச்சாகியிருப்பதைச் சொல்லும்போது அழுதேவிட்டாள். நான் அழ விட்டேன். இருபது வருடமாக மாணவர் குழுக்களைப் பார்க்கிறேன், ஆறு பேரும் ஒழுங்காக வேலை செய்த ஒரு குழுவை இன்னும் காணவில்லை.

அவர்கள் முதலில் எழுதிய பரிந்துரை பாடப்புத்தகத்தில் உள்ளது மாதிரியே இருந்தது: தீவின் இயற்கையைக் காக்க மனித நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உலக நிலப்பரப்பில் தீவுகளின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆனால் அறியப்பட்ட பறவை, விலங்கு இன அழிவுகளில் பெரும்பங்கு தீவுகளிலேயே நிகழ்ந்திருக்கிறது. மனிதரோடு கப்பலேறிய எலியும் பூனையும் ஆடும் செய்த வேலை அது. இதைப் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

கரையில் கடலட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். 1992இல் இடம்பெயர்ந்தோம், 2018இல்தான் திரும்பி வந்து இறங்கினோம் என்றாராம் அவர். இடையில் 26 வருடம் கடற்படைதான் இருந்தது, எங்கள் நடமாட்டம் இருக்கவில்லைத்தானே பிள்ளை, அப்போது தீவு நன்றாக இருந்ததா என்று அவர் கேட்டாராம். நாங்கள் விட்டுப்போன மாடுகள் காட்டு மாடுகள் ஆனதும் அந்தக் காலத்தில்தான் என்றாராம்.

உங்கள் மகள் வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாள். எந்தக் கரையில், எந்த மாதத்தில், யார் எதைப் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பெண்களையே கேட்டுக் கையால் ஒரு வரைபடம் வரைந்தாள். குழுவில் பெரிய சண்டை வந்ததும் இதனால்தான். முடிந்த அறிக்கையை ஏன் குழப்புகிறாய் என்று மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். வரைபடத்தை நான் பார்த்தேன். கோடுகள் கோணலாக இருக்கின்றன. ஆனால் தான் எழுதியது பிழை என்று தெரிந்ததும் திரும்பப் போய்க் கேட்கிற குணம் பட்டதாரிகளிடமே அருமையாகத்தான் இருக்கிறது.

படிப்புக்கு வருவோம். அவள் உயிரியல், இரசாயனவியலோடு விவசாய விஞ்ஞானம் எடுக்காமல் பௌதிகவியல் எடுத்திருப்பதால் மருத்துவக் கதவும் சுற்றாடல் கதவும் இரண்டும் திறந்தே இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில், பம்பைமடு வளாகத்தில் சுற்றாடல் விஞ்ஞானப் பட்டப்படிப்பு உண்டு. கடல் பக்கம் மனம் போனால் ருகுணு பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பீடம் இருக்கிறது, மாத்தறை தூரம்தான். இரண்டிலும் கற்பிப்பது ஆங்கிலத்தில்.

வேலை? மருத்துவருக்குப் போல நியமனம் வாசலில் வந்து நிற்காது. வனசீவராசிகள் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை போன்ற இடங்களுக்குப் போட்டிப் பரீட்சை, நேர்முகம், காத்திருப்பு எல்லாம் உண்டு. சிங்களமும் வேண்டும், இன்றே தொடங்கினாலும் நல்லது. அதேவேளை நம் பக்கத்தைப் பாருங்கள். மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். சுண்டிக்குளமும் ஆதாம் பாலமும் 2015இல் தேசியப் பூங்காக்களாயின. எல்லைக் கல் நடுகிற இடத்தில் மீனவரும் விவசாயியும் அதிகாரியும் முட்டிக்கொள்வது புதிதல்ல. அங்கே அந்த அம்மா கேட்டதைத் தமிழில் கேட்டு அறிக்கையில் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

நேர்முகத்தில் இந்தச் செயற்றிட்டம் கட்டாயம் உதவும். 'நாங்கள் தீவைக் காத்தோம்' என்று அவள் அளக்கக் கூடாது. நான் இதைச் செய்தேன், இதைப் பிழையாக எழுதினேன், இப்படித் திருத்தினேன் என்று சொன்னால் போதும். நின்றுவிட்ட பையனைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். மறக்குமுன் எல்லாவற்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மருத்துவமா சுற்றாடலா என்று இன்றிரவு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. விருப்பத்தெரிவு எழுதுவது பெறுபேறு வந்த பிறகு. அதுவரை சனிக்கிழமை வகுப்புக்கு அவள் ஒழுங்காகப் போவாள். எனக்கு வாக்குத் தந்திருக்கிறாள்.

அந்த வரைபடத்தை நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால் தருவாள்.